தண்ணீர் இருந்தும் வாடும் செடி

அக்னி நட்சத்திர நாளில் பிற்பகல் இரண்டு மணிக்கு மாடித்தோட்டத்துப் பூசணிக் கொடியைப் பார்த்தால், இனி பிழைக்காது என்றே தோன்றும். இலைகள் துவண்டு தொங்கும். ஆனால் வளர்ப்புப் பையின் மண்ணில் விரலை விட்டால் காலையில் ஊற்றிய ஈரம் அப்படியே இருக்கும். மாலையில், யாரும் எதுவும் செய்யாமலே, அதே இலைகள் விறைத்து நிமிர்ந்துவிடும். பக்கத்தில் வாடாமல் நின்ற தக்காளியோ பூத்த பூவையெல்லாம் உதிர்த்திருக்கும். இரண்டில் எது உண்மையில் தோற்றது?

வேர் உறிஞ்சும் தண்ணீரில் 95 சதவீதத்துக்கும் மேலானதைச் செடி வைத்துக்கொள்வதில்லை. இலைத்துளைகள் வழியே ஆவியாக விட்டுவிடுகிறது. வீண்செலவுபோலத் தெரிந்தாலும், ஒளிச்சேர்க்கைக்கு வேண்டிய கரியமில வாயு உள்ளே வருவதற்கும் அந்தத் துளைகளே வழி. அவை திறந்தால்தான் சாப்பாடு. திறந்தால் தண்ணீர் போகும். போகிற தண்ணீரும் சும்மா போவதில்லை. மண்பானையில் கசியும் நீர் பானையைக் குளிர வைப்பதுபோல, இலையின் சூட்டைத் தணித்துவிட்டுத்தான் போகிறது.

தண்ணீரை மேலே ஏற்றச் செடிக்குள் பம்பு கிடையாது. இலையில் நீர் ஆவியாக ஆவியாக, ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருக்கும் நீர் மூலக்கூறுகள் வேர்வரை இழுபடுகின்றன. டப்ளினில் ஹென்றி டிக்சனும் ஜான் ஜோலியும் 1894-இல் தந்த விளக்கம் இது. மண் காயும்போது இந்த இழுவிசை ஏறும். ஒரு கட்டத்தில் நீரிழை அறுந்து, நீரை மேலேற்றும் சைலக் குழாய்க்குள் காற்றுக்குமிழி உண்டாகும். அந்தக் குழாயில் பிறகு நீர் ஏறாது. தண்ணீரில்லாத தக்காளிச் செடி மணிக்கு 30 முதல் 50 முறை மனிதக் காதுக்கு எட்டாத 'டிக்' ஒலிகளை எழுப்புவதை டெல் அவிவ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-இல் பதிவு செய்தார்கள். இந்தக் குமிழிகளே காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் கருத்து.

அந்த நிலை வருமுன் செடி தற்காத்துக்கொள்ளப் பார்க்கிறது. அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் சுரந்து, இலைத்துளைகளை மூடவைக்கிறது. தண்ணீர் மிச்சமாகும், ஆனால் இலை சூடேறும், உணவு தயாரிப்பும் முடங்கும். வறட்சியை மட்டும், வெப்பத்தை மட்டும் என்றால் பல செடிகள் சமாளித்துவிடும். இரண்டும் சேர்ந்து வரும்போதுதான் சிக்கல்: ஒன்றுக்கு மருந்தாக இருப்பது மற்றதற்கு நஞ்சாகிறது.

பூசணியின் நடுப்பகல் வாட்டம் அந்த அளவுக்குப் போகாதது. வேர் கொடுப்பதைவிட இலை இழப்பது சில மணி நேரம் கூடிவிடுகிறது, அவ்வளவுதான். துவண்ட இலையில் வெயில் நேராக விழுவதும் குறையும். கவலைப்பட வேண்டியது விடியற்காலையிலும் நிமிராத இலையைப் பார்த்துத்தான். வாடிய செடி தானாக மீள முடியாத அந்த மண் ஈர எல்லையை 1912-இல் அமெரிக்காவில் பிரிக்ஸும் ஷான்ட்ஸும் அளந்தார்கள். அப்போதும் மண்ணில் கொஞ்சம் நீர் இருக்கும். களிமண்ணில் கணிசமாகவே இருக்கும். மண் துகள்கள் அதை இறுகப் பிடித்திருப்பதால் வேருக்குக் கிடைக்காது.

தக்காளியின் சேதத்துக்குக் காரணம் தாகமல்ல. பகலில் 35 டிகிரியைத் தாண்டி, இரவிலும் 24-க்குக் கீழே இறங்காவிட்டால் அதன் மகரந்தம் வலுவிழக்கும். கருவுறாத பூ உதிரும். சென்னையின் மே மாத இரவுகள் 25 டிகிரிக்குக் கீழே போவதே அபூர்வம். எத்தனை குடம் ஊற்றினாலும் இதற்குப் பரிகாரமில்லை. காய்த்தவையும் சரியாகச் சிவப்பதில்லை. கடும் வெப்பத்தில் சிவப்பு நிறமியான லைகோபீன் உருவாவது தடைபடும்.

ஆகவே மதியம் இலை தொங்குகிறதே என்று பதறி, ஈரமாக இருக்கும் பையில் மேலும் ஊற்றுவது தவறு. காற்றில்லாமல் வேர் அழுகும். பிறகு தண்ணீர் நடுவிலேயே செடி வாடும். தரையில் நிற்கும் செடியின் வேரை மண்ணின் ஆழம் காக்கும். மாடியில் வெயில் படும் கறுப்புப் பைக்குள் வேரும் சேர்ந்து வேகும். நிழல்வலையும், மண்மேல் சருகு மூடாக்கும், பைகளை நெருக்கி வைப்பதும் தண்ணீரைப் போலவே முக்கியம்.

இதே வெயிலில் தண்டுக்கீரை செழிக்கிறதே? அது கரியமில வாயுவைச் செறிவாக்கிப் பயன்படுத்தும் வகை. துளைகளைக் கொஞ்சமாகத் திறந்தாலே போதும். ஒரே அளவு வளர்ச்சிக்குத் தக்காளி போன்ற செடிகள் செலவிடும் தண்ணீரில் ஏறத்தாழப் பாதிதான் அந்த வகைக்குத் தேவை. பருப்புக்கீரை இன்னும் கெட்டி. இதே வித்தையோடு, வறட்சி முற்றினால் இரவில் துளைகளைத் திறந்து வாயுவை அமிலமாகச் சேமித்து, பகலில் பயன்படுத்தவும் அதற்குத் தெரியும். களை என்று பிடுங்கி எறிகிறோம். சித்திரையில் தக்காளியோடு மல்லுக்கட்டுவதை விட்டு, அதை ஒரு பையில் வளரவிட்டால் குழம்புக்காவது ஆகும்.