உஷார்! உங்கள் அடையாள அட்டை இப்போது யார் கையில்?

இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களில் வாழும் உங்களிடம் ஒரே ஒரு கேள்வி. உங்கள் தேசிய அடையாள அட்டையும் பேங்க் கார்டும் இந்த நிமிடம் எங்கே இருக்கின்றன? வீட்டுப் பெட்டியிலா, இடுப்புப் பையிலா, அல்லது டவுனில் அவசரத்துக்குக் காசு கொடுத்தவரிடமா? கடைசியில் சொன்ன இடத்தில் என்றால் இதை முழுதாக வாசியுங்கள். எழுத்துத் தெரியாத அம்மாவோ அப்பாயியோ வீட்டில் இருந்தால் உரக்க வாசித்துக் காட்டுங்கள். பெரும்பாலும் குறி வைக்கப்படுவது அவர்கள்தான்.

நடப்பது இப்படி. பிள்ளைக்குக் காய்ச்சல், அல்லது சாமத்தியச் சடங்கு, அல்லது ஒரு சாவு. சம்பளத்துக்கு இன்னும் இரண்டு கிழமை இருக்கிறது. பேங்குக்குப் போனால் பிணைக்கு ஆள் கேட்பார்கள், சிங்களத்தில் நாலு பக்கம் நிரப்பச் சொல்வார்கள். டவுனில் ஒருவர் எதையும் நிரப்பச் சொல்லாமல் பத்தாயிரம் ரூபாயை எண்ணிக் கொடுப்பார். "ஏ.டி.எம். கார்டையும் நம்பரையும் குடுத்துட்டுப் போங்கக்கா. ஐடென்டியும் இருக்கட்டும். சம்பளம் விழுந்ததும் எடுத்துக்கிட்டு மிச்சத்தத் தாறேன்" என்பார். மரியாதையாகத்தான் பேசுவார். சம்பள நாளன்று அவரே ஏ.டி.எம். வாசலில் நிற்பார். கையில் றப்பர் பட்டி போட்ட கார்டுக் கட்டு. ஒவ்வொரு கார்டின் முதுகிலும் ஒரு துண்டுக் காகிதம், அதில் பேனாவால் எழுதிய நாலு இலக்கம். எடுத்த ரசீதை உங்களிடம் காட்டமாட்டார். வட்டியைக் கழித்தேன் என்று சொல்லி மிச்சத்தைக் கையில் வைப்பார். அது சரியான கணக்கா என்று சொல்ல உங்களிடம் ஒரு துண்டுச் சீட்டும் இருக்காது.

2024 இல் தீர்மானித்த 1,350 ரூபாய் நாட்சம்பளத்தை வைத்தே கணக்குப் பாருங்கள். இருபது நாள் பேர் விழுந்தால் 27,000. அதில் சேமலாப நிதிக்கு நூற்றுக்கு எட்டு, 2,160 ரூபாய் போய்விடும். மிச்சத்திலிருந்து பத்தாயிரமும் அதற்கு நூற்றுக்குப் பத்து வட்டியும் போனால் வீட்டுக்கு வருவது 13,840. அரிசி, மா, பிள்ளைகளின் பஸ் காசு எல்லாம் அதற்குள். மாத நடுவில் திரும்பவும் அவரிடமே போவீர்கள். கார்டு திரும்பி வருவதே இல்லை.

வட்டியோடு முடிந்தால்கூட ஒரு வேதனை என்று விட்டுவிடலாம். அடையாள அட்டையும் கூடவே போவதுதான் என்னை உண்மையிலேயே பயப்படுத்துகிறது. அந்த அட்டை வெறும் போட்டோவும் பெயரும் அல்ல. 2016க்கு முன்பு கொடுத்த பழைய இலக்கத்தை எடுத்துப் பாருங்கள். முதல் இரண்டு இலக்கம் நீங்கள் பிறந்த வருடம். அடுத்த மூன்று, அந்த வருடத்தில் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருப்பார்கள். இலக்கம் 75532 என்று தொடங்கினால் அவர் 1975 பெப்ரவரி 1 ஆம் திகதி பிறந்த பெண். புதிய பன்னிரண்டு இலக்க எண்ணிலும் இதே ஒழுங்குதான், வருடம் மட்டும் நாலு இலக்கமாக இருக்கும். பிறந்த வருடத்தையே ஏ.டி.எம். இரகசிய இலக்கமாக வைத்திருப்பவர்கள் நம்மில் எத்தனை பேர்! இன்றே மாற்றுங்கள்.

அட்டையின் போட்டோ கொப்பி ஒன்று போதும், உங்கள் பெயரில் சிம் எடுக்கப் பார்க்கலாம். நீங்கள் கேட்டறியாத கடனுக்கு உங்களைப் பிணையாளி ஆக்கப் பார்க்கலாம். இதைவிட மோசமானது கணக்கை இரவல் வாங்குவது. "உங்க கணக்குக்குக் கொஞ்சம் காசு வரும், எடுத்துக் குடுத்தா ரெண்டாயிரம் தாறேன்" என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு எழுந்து வாருங்கள். எங்கோ ஒரு ஊரில் யாரையோ ஏமாற்றிய காசு அது. 2006 ஆம் ஆண்டின் பணம் தூயதாக்கல் தடுப்புச் சட்டமும் நிதியியல் கொடுக்கல் வாங்கல் அறிக்கையிடல் சட்டமும் இருக்கின்றன. சந்தேகமான கொடுக்கல் வாங்கலை வங்கிகள் மத்திய வங்கியின் நிதியியல் உளவறிதல் பிரிவுக்கு அறிவித்தே ஆகவேண்டும். பொலிஸ் தேடி வருவது கணக்கில் பெயர் உள்ளவரை. வந்து நிற்பது உங்கள் லயத்து வாசலில். காசைக் கொடுத்தனுப்பியவர் அப்போது போனை எடுக்கமாட்டார்.

காசோலைப் புத்தகம் வைத்திருக்கும் சின்னக் கடைக்காரர்களுக்கும், தேயிலைக் கொழுந்து விற்கும் சிறு தோட்டக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. தொகை எழுதாத செக்கில் கையெழுத்துப் போட்டுக் கடனுக்கு ஈடாகக் கொடுக்காதீர்கள். கணக்கில் காசு இல்லை என்று தெரிந்தே செக் கொடுப்பது 1990 ஆம் ஆண்டு 2 ஆம் இலக்கக் கடன் அறவிடல் சட்டப்படி குற்றம். வெற்றுச் செக்கில் எவ்வளவு தொகையையும் அவர் எழுதலாம். அது திரும்பினால் விளக்கம் சொல்ல வேண்டியவர் நீங்கள். யாராவது உங்களுக்கு செக் கொடுத்தால் அதை உங்கள் கணக்கில் போடுங்கள். பாதி விலைக்கு மாற்றித் தருகிறேன் என்பவரிடம் கொண்டு போகாதீர்கள்.

இனி, ஒரு ஆயுள் உழைப்பு மொத்தமாகக் கைக்கு வரும் இடம், சேமலாப நிதி. தொழிலாளியிடம் நூற்றுக்கு 8, தோட்டத்திடமிருந்து 12. பெண்களுக்கு 50 வயதிலும் ஆண்களுக்கு 55 வயதிலும் கிடைக்கும். முப்பது வருடம் கொழுந்தெடுத்த, பால் வெட்டிய கைகளுக்குச் சேர்ந்த காசு. யாருக்கு எப்போது வயது நிறைகிறது என்று தோட்டத்திலேயே கேட்டு அறிந்துகொண்டு ஒரு தரகர் வீடு தேடி வருகிறார். ஃபோம் நிரப்பித் தருகிறேன், பெயர்ப் பிழையைச் சரிசெய்து தருகிறேன், லேபர் ஒபிசில் எனக்கு ஆளைத் தெரியும் என்கிறார். அட்டை, வங்கிப் புத்தகம், கார்டு, இரகசிய இலக்கம் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு போகிறார். ஒன்றை நன்றாக மனதில் வையுங்கள். சேமலாப நிதி உறுப்பினரின் சொந்த வங்கிக் கணக்குக்கு நேராக வருகிறது. இடையில் யாருக்கும் வேலையில்லை. உங்கள் கார்டும் இலக்கமும் ஒரு தரகரிடம் இருந்தால் அந்தக் காசு முதலில் அவருக்கே போய்ச் சேரும். இரத்தினபுரியிலும் கேகாலையிலும் அவிசாவளையிலும் தொழில் அலுவலகம் இருக்கிறது. பஸ் காசு செலவானாலும் நேரில் போங்கள்.

இந்தத் தரகர்கள் ஏன் நம் பக்கம் இவ்வளவு செழிக்கிறார்கள்? நம் ஆட்களுக்குப் புத்தியில்லை என்று சொல்பவர்களை நான் ஏற்கமாட்டேன். 1948 இல் குடியுரிமையைப் பறித்தார்கள். 1964 இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் தலையை எண்ணிப் பங்கு போட்டார்கள். 2003 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் வரும்வரை நாடற்றவர்களாக இருந்த குடும்பங்கள் நம்மிடையே உண்டு. எந்தக் காகிதத்துக்கும் யாரையாவது கெஞ்சியே பழகிய தலைமுறைகள் இவை. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், தோட்டத்துச் செக்ரோலில் இன்னொரு பெயர், அடையாள அட்டையில் சிங்கள எழுத்தில் மூன்றாவது விதமாக ஒரு பெயர். பழைய அட்டைகளில் தமிழே கிடையாது, தன் பெயர் சரியா என்று ஒரு கிழவியால் வாசித்துப் பார்க்க முடியாது. நுவரெலியாவில் ஒரு அலுவலகத்தில் தமிழ் பேசுபவர் கிடைத்துவிடலாம், யட்டியாந்தோட்டையிலோ காவத்தையிலோ அந்த வாய்ப்புக் குறைவு. 1987 முதல் தமிழும் அரச கரும மொழி. தமிழில் பதில் பெறுவது அரசியலமைப்பு தந்த உரிமை. அந்த உரிமை கவுண்டரில் கிடைக்காத ஒவ்வொரு நாளும் ஒரு தரகருக்குக் கூலி கிடைக்கிறது.

நகையை அடகு பிடிக்க ஒருவருக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும், 1942 முதல் அதற்குச் சட்டம் இருக்கிறது. மனிதரின் அடையாளத்தையும் சம்பளத்தையும் அடகு பிடிப்பவரிடம் அனுமதிப்பத்திரத்தைக் கேட்க இங்கே யாரும் இல்லை. 2016 ஆம் ஆண்டு நுண்நிதிச் சட்டம் வைப்புப் பணம் ஏற்கும் கம்பனிகளைத்தான் பிடிக்கிறது. பெயர்ப்பலகை இல்லாமல் கடன் கொடுப்பவர் அதற்கு வெளியே நிற்கிறார். 2018 இல் இலங்கை வந்த ஐ.நா. நிபுணர் ஹுவான் பாப்லோ போஹோஸ்லாவ்ஸ்கி, நுண்கடனில் பெண்கள் படும் பாட்டை உலகறிய எழுதினார். கடன் கொடுப்போர் எல்லோரையும் ஒரு அதிகாரசபையின் கீழ் கொண்டுவருவது பற்றிய பேச்சும் வருடக்கணக்காக ஓடியது. அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில் செக்கை வாங்கிக்கொண்டு காசு கொடுக்கும் கடைக்கே அனுமதிப்பத்திரம் கட்டாயம், எவ்வளவு கழிக்கலாம் என்பதற்கும் அரசு உச்சவரம்பு வைத்திருக்கிறது. நம் டவுன்களில் காசு மாற்றிக் கொடுப்பவருக்கும் அதுவே வேண்டும். பதிவு, எழுத்தில் கணக்கு, வட்டிக்கு வரம்பு, அட்டையைப் பிடித்து வைத்தால் தண்டனை. அடையாள ஆவணத்தைப் பிடித்து வைப்பதை சர்வதேச தொழில் நிறுவனம் கட்டாய உழைப்பின் பதினொரு அடையாளங்களில் ஒன்றாகக் கணக்கிடுகிறது. சந்தாக் காசு வாங்கும் தொழிற்சங்கங்கள் இதைக் கையில் எடுக்கவேண்டும்.

அதுவரை காத்திருக்காதீர்கள். கார்டு வேறொருவரிடம் இருந்தால் உங்கள் வங்கிக் கிளைக்குப் போய் அதை நிறுத்தி, புதுக் கார்டும் புது இலக்கமும் கேளுங்கள். கடன் கடனாகவே இருக்கட்டும், கையில் காசாகக் கட்டி, கட்டியதை எழுதி வாங்குங்கள். வட்டி அநியாயமாக இருந்தால் கணக்கைத் திறந்து பார்க்க நீதிமன்றத்துக்கு 1918 ஆம் ஆண்டின் கடன் கொடுத்தல் கட்டளைச் சட்டமே இடம் கொடுக்கிறது. அடையாள அட்டையைத் தர மறுத்தால் தோட்டத் தலைவரையோ படித்த பிள்ளை ஒருவரையோ கூட்டிக்கொண்டு பொலிசுக்குப் போங்கள். தொலைந்துவிட்டது என்று பொய் சொல்லாதீர்கள், யாரிடம் இருக்கிறது என்று பெயரைச் சொல்லி முறைப்பாடு எழுதி, அதன் பிரதியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நாளை உங்கள் பெயரில் ஏதும் நடந்தால் உங்களைக் காப்பது அந்தக் காகிதம்.

போட்டோ கொப்பி கொடுக்கும்போது அதன் குறுக்கே திகதியையும் என்ன வேலைக்கு என்பதையும் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். கொமியூனிகேஷனில் பழுதாகிப் போன கொப்பியையும் கேட்டு வாங்கி வாருங்கள். அட்டையைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். 2025 நவம்பர் டித்வா புயலில் மண்சரிவும் வெள்ளமும் பல வீடுகளில் ஆவணங்களைக் கொண்டுபோய்விட்டன. நிவாரணம், வீடு, அஸ்வெசும என்று சொல்லி அட்டை இலக்கம் திரட்ட வருபவரிடம் முதலில் அவருடைய அட்டையைக் கேளுங்கள். கிராம சேவகரிடம் விசாரிக்காமல் எதையும் கொடுக்காதீர்கள்.

வங்கி, நிதிக் கம்பனி பற்றிய முறைப்பாட்டுக்கு மத்திய வங்கியின் இலக்கம் 1935. எந்த அரச அலுவலகத்தில் என்ன கேட்பது என்று அறிய 1919. மிரட்டினால் 119.