தாலர்னா: உழைப்பே காட்சியான நாடு

ஒரு நாட்டைக் காணப் புறப்படுவோர் பெரும்பாலும் அதன் தலைநகரைக் கண்டு திரும்பிவிடுகின்றனர். நாட்டின் உண்மை முகமோ நாட்டுப்புறத்தில்தான் இருக்கிறது. ஐரோப்பாவின் வடகோடியில் உள்ள சுவீடன் நாட்டு மக்கள், தங்கள் நாட்டை அறிய விரும்புவோரைத் 'தாலர்னாவுக்குச் சென்று வாருங்கள்' என்று சொல்வது வழக்கம்.

தலைநகர் ஸ்டாக்ஹோமிலிருந்து வடமேற்கே சில மணி நேர இரயில் பயணத்தில் அடையத்தக்கது தாலர்னா. அச்சொல்லுக்குப் 'பள்ளத்தாக்குகள்' என்பதே பொருள். கிழக்குக் கிளை, மேற்குக் கிளை என இரண்டாக மலைகளிலிருந்து இறங்கி வந்து ஒன்றாகும் தால் ஆறு இதன் உயிர்நாடி. பரப்பு ஏறத்தாழ 28,000 சதுர கிலோமீட்டர். மக்கள் தொகையோ மூன்று இலட்சத்துக்கும் குறைவு. நிலத்தின் பெரும்பகுதி ஊசியிலைக் காடு.

இங்கே காணத்தக்கவையாகப் போற்றப்படுபவை பேரரசர் எழுப்பிய மாளிகைகள் அல்ல. ஒரு பழைய சுரங்கம், ஒரு மரக்குதிரை, ஒரு படகு, காட்டு நடுவே ஒரு மாட்டுக்குடில், பனி மூடிய ஒரு பாதை ஆகியவையே. இவை ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் ஏழை எளியோர் வயிறு வளர்க்கச் செய்த உழைப்பின் அடையாளம். அவ்வுழைப்பு எங்ஙனம் காட்சியாயிற்று என்பதையும், காட்சியாக வைத்துக் காக்க இயலாத செல்வம் ஒன்று அங்கே எவ்வாறு தவிக்கிறது என்பதையும் இங்கே காண்போம்.

விண்கல் வகுத்த ஏரி

தாலர்னாவின் நடுவே பரந்து கிடப்பது சில்யான் ஏரி. நிலப்படத்தை உற்று நோக்குவோர், சில்யானும் அதையடுத்த ஓர்சா முதலிய ஏரிகளும் ஒரு பெரும் வளையத்தின் மேல் கோத்தாற்போல் அமைந்திருப்பதைக் காண்பர். இது தற்செயலன்று. ஏறத்தாழ 38 கோடி ஆண்டுகளுக்கு முன் வானிலிருந்து ஒரு பெரும் விண்கல் இங்கே வந்து மோதியது. மோதிய இடத்தின் நடுப்பகுதி மேலெழுந்தது. சுற்றுப்புறம் வளையமாகத் தாழ்ந்தது. அவ்வட்டத்தின் குறுக்களவு 50 கிலோமீட்டருக்கு மேற்பட்டது. ஐரோப்பாவில் அறியப்பட்ட இத்தகைய பள்ளங்களுள் மிகப் பெரியவற்றுள் இதுவும் ஒன்று.

விண்கல் விழுவதற்கு நெடுங்காலம் முன்பு இங்கே கடல் இருந்தது. அக்கடலடியில் படிந்த சுண்ணாம்புப் பாறை பிற இடங்களில் காலப்போக்கில் தேய்ந்து மறைந்தது. வளையத்தில் தாழ்ந்துபோன பகுதி மட்டும் தேய்மானத்துக்குத் தப்பிற்று. பிற்காலத்து மக்கள் அச்சுண்ணாம்பை வெட்டி எடுத்தனர். ரெட்விக் என்னும் ஊருக்கு அருகே அவ்வாறு வெட்டிய குழி ஒன்று 60 மீட்டர் ஆழமுடையது. 1990-ஆம் ஆண்டில் அங்கே கல் வெட்டுவது நின்றது. கைவிடப்பட்ட அக்குழியின் சுவர்கள் ஓசையை அழகுற எதிரொலிப்பதைக் கண்ட ஓர் இசைக்கலைஞர் அதனை அரங்கமாக்கலாம் என்றார். 1995-இல் தால்ஹாலா என்னும் திறந்தவெளி அரங்கம் முறைப்படி திறக்கப்பெற்றது. கல்லுடைக்கும் ஓசை கேட்ட இடத்தில் இன்று கோடைதோறும் இன்னிசை கேட்கிறது.

ரெட்விக்கில் ஏரிக்குள் 628 மீட்டர் நீளும் மரப்பாலம் ஒன்றும் உண்டு. கரையோரம் நீர் ஆழமில்லாமையால், நீராவிக் கப்பல்கள் வந்து அணைய 1895-இல் அதனைக் கட்டினர். அவ்வூர்த் தேவாலயத்தின் பக்கத்தில் சின்னஞ்சிறு மரக்கொட்டில்கள் வரிசையாய் நிற்கின்றன. தொலைவிலிருந்து ஞாயிற்று வழிபாட்டுக்கு வந்தோர் தம் குதிரைகளைக் கட்டிய இடம் அது. ஏரிக்கரைச் சிற்றூரார் படகேறி வந்தனர். இருபது பேர் வரை துடுப்பு வலிக்கும் அந்நீண்ட தேவாலயப் படகுகள் இன்று கோடைக்காலப் போட்டிகளில் ஓடுகின்றன. லெக்சாந்து என்னும் ஊரில் ஜூன் மாத நடுக்கோடை விழாவன்று தழையும் பூவும் சுற்றிய உயர்ந்த கம்பத்தைப் பலர் கூடி நிமிர்த்தி, அதைச் சுற்றி ஆடிப் பாடுவர். அதைக் காண ஆயிரக்கணக்கானோர் திரள்கின்றனர்.

செம்பு தந்த செல்வமும் செந்நிறமும்

தாலர்னாவின் தலைநகரம் ஃபாலுன். அங்குள்ள செம்புச் சுரங்கம் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் வேலை நடந்த இடம். 1288-ஆம் ஆண்டில் ஓர் ஆயர் அச்சுரங்கத்தின் எட்டில் ஒரு பங்கைப் பெற்றதற்குரிய ஆவணம் இன்றும் இருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்கு வேண்டிய செம்பில் மூன்றில் இரண்டு பங்கு வரை இங்கிருந்தே சென்றது. சுவீடன் அக்காலத்தில் வல்லரசாக விளங்கி நடத்திய போர்களுக்குப் பொருள் தந்தவற்றுள் இச்செம்பு தலையாயது.

அச்செல்வத்தின் மறுபக்கத்தையும் அறிதல் வேண்டும். சுரங்கத் தொழிலாளர் ஏணிகளிலும், மாட்டுத்தோற் கயிற்றில் தொங்கிய தொட்டிகளிலும் நின்று பாதாளத்துக்கு இறங்கினர். தாதுவை வெட்டவெளியில் குவித்துச் சுட்டதால் எழுந்த கந்தகப் புகை சுற்றுவட்டாரத்துச் செடி கொடிகளைக் கருக்கிற்று. செடியினங்களை வகைப்படுத்திப் பெயரிட்ட பேரறிஞர் லின்னேயஸ் 1734-இல் இங்கு வந்து சுரங்கத்துக்குள் இறங்கிப் பார்த்தார். தொழிலாளர் படும் துயரைத் தம் பயண ஏட்டில் எழுதி வைத்தார்.

இலாபம் கருதி வகைதொகையின்றித் தோண்டியதன் விளைவு 1687-இல் தெரிந்தது. தாங்கி நின்ற பாறைச் சுவர்கள் இற்றுப்போய்ச் சுரங்கத்தின் நடுப்பகுதி முழுவதும் இடிந்து உள்ளே வீழ்ந்தது. அது நடுக்கோடை விழாக் காலம். தொழிலாளர் விடுமுறையில் இருந்தமையால் ஓர் உயிரும் போகவில்லை. அன்று உண்டான பெரும்பள்ளம் ஏறத்தாழ 100 மீட்டர் ஆழத்தோடு இன்றும் வாய் பிளந்து கிடக்கிறது. அதன் விளிம்பில் நின்று காண்பதே ஃபாலுனின் முதற்காட்சி.

இங்கே நெஞ்சை உருக்கும் நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. 1719-இல் பழைய சுரங்கப் பாதையொன்றைத் திறந்தபோது ஓர் இளைஞனின் உடல் சிறிதும் சிதையாமல் கிடைத்தது. அவன் யார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஒரு மூதாட்டி வந்து பார்த்து, 42 ஆண்டுகளுக்கு முன், 1677-இல் காணாமற்போன தன் மணமகன் மாட்ஸ் அவனே என்று அடையாளம் காட்டினாள். சுரங்க நீரில் கலந்திருந்த துத்தம் அவனுடலைக் கெடாமல் வைத்திருந்தது. அவள் முதுமை எய்திவிட்டாள். அவனோ இளைஞனாகவே கிடந்தான். அவ்வுடலைப் பல்லாண்டு காட்சிப்பொருளாக்கி வைத்திருந்து, 1930-இல்தான் இறுதியாக அடக்கம் செய்தனர். உழைப்பைக் காட்சியாக்கலாம்; உழைத்தவனையே காட்சியாக்குவது தகுமா என்னும் வினாவை அவன் கதை எழுப்புகிறது.

சுரங்கம் 1992-இல் மூடப்பட்டது. 2001-இல் ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு அமைப்பு அதனை உலக மரபுச் செல்வமாக ஏற்றது. ஆயினும் சுரங்கம் தந்த கொடையொன்று நின்றபாடில்லை. கழித்துப் போட்ட தாதுக்குப்பை மழையிலும் வெயிலிலும் மக்கி, இரும்புக் காவியாக மாறிற்று. அதனை அரைத்து, மாவும் ஆளிவிதை எண்ணெயும் நீரும் சேர்த்துக் காய்ச்சிய சாயம் மரத்தை மழை, வெயிலிலிருந்து காக்கிறது. சுவீடன் நாட்டுச் சிற்றூர்கள் எங்கும் வெள்ளை விளிம்பிட்ட செந்நிற மரவீடுகள் நிற்பதன் காரணம் இதுவே.

சிறு நிலமும் கைத்திறனும்

தாலர்னாவில் தந்தையின் நிலத்தை மக்கள் அனைவரும், பெண்மக்கள் உட்பட, பங்கிட்டுக்கொள்வது வழக்கமாய் இருந்தது. தலைமுறைதோறும் நிலம் துண்டாடப்பட்டுச் சுருங்கிற்று. அதனால் உழவு மட்டும் உணவு தரவில்லை. சிலர் கூலிவேலை தேடி நெடுந்தொலைவு நடந்தனர். சிலர் கூடை முடைந்தனர், கடிகாரம் செய்தனர். வோம்ஹூஸ் என்னும் ஊர்ப் பெண்கள் மனிதத் தலைமயிரால் நுண்ணிய அணிகலன் பின்னி, அவற்றை விற்க வெளிநாடுகளுக்கும் சென்று வந்தனர்.

காட்டில் மரம் வெட்டச் சென்றோர் மாரிக்கால இரவுகளில் குளிர்காயும் நெருப்பருகே அமர்ந்து, கையில் கிடைத்த கட்டையைச் செதுக்கிக் குழந்தைகளுக்குக் குதிரை பொம்மை செய்தனர். செந்நிறம் பூசிப் பூவேலை தீட்டிய அக்குதிரையே இன்று சுவீடன் நாட்டின் சின்னம்போல் உலகெங்கும் அறியப்படுவது. நூஸ்நேஸ் என்னும் சிற்றூரில் 1928-இல் தொடங்கிய பட்டறையில் இன்றும் அது கையால் செதுக்கி முடிக்கப்படுகிறது. 1939-இல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் பெரியதொரு குதிரையை நிறுத்திய பிறகே அதன் புகழ் கடல் கடந்தது.

ஊரருகே மேய்ச்சல் போதாமையால், கோடையில் மாடுகளையும் ஆடுகளையும் காட்டுக்குள் நெடுந்தொலைவு ஓட்டிச் சென்று, அங்கே குடிலமைத்துத் தங்கினர். இக்கோடைப்பட்டிகளில் தங்கிப் பால் கறந்து, வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் செய்தவர்கள் பெரும்பாலும் பெண்களே. காட்டில் சிதறி மேயும் மாடுகளை அழைக்க அவர்கள் உச்சக் குரலில் பாடும் விளி பல கிலோமீட்டர் தொலைவு கேட்கும். 2024-இல் இக்கோடைப்பட்டி வாழ்க்கைமுறையும் சுவீடன், நார்வே நாடுகளின் பொதுமரபாக உலகப் பட்டியலில் இடம்பெற்றது.

இம்மரபுகள் அழியுமுன் அவற்றைப் பேண முனைந்தோருள் ஓவியர் ஆண்டர்ஸ் சோர்ன் முதன்மையானவர். 1860-இல் மூரா என்னும் ஊரில் பிறந்து உலகப்புகழ் பெற்ற அவர், அங்கேயே திரும்பி வந்து வாழ்ந்தார். இடிந்துபோகவிருந்த பழைய மரவீடுகளை விலைக்கு வாங்கி ஓரிடத்தில் நிறுத்தினார். சுண்ட்போர்ன் என்னும் ஊரில் மற்றோர் ஓவியர் கார்ல் லார்சனும் அவர் மனைவி காரினும் அணிசெய்து வாழ்ந்த இல்லமும் இன்று காண்போர் நிறையும் இடம்.

திரும்பி வந்த பாதை

1520-இல் தென்மார்க்கு மன்னன் ஸ்டாக்ஹோமில் சுவீடன் பெருமக்கள் பலரைக் கொன்றான். தந்தையை அதில் இழந்த குஸ்தாவ் வாசா என்னும் இளைஞன் மூராவுக்கு வந்து, கிளர்ந்தெழுமாறு மக்களை வேண்டினான். அவர்கள் தயங்கவே, மனம் உடைந்து நார்வே நோக்கிப் பனியில் புறப்பட்டான். பின்னர் உண்மை உணர்ந்த மூரா மக்கள் பனிச்சறுக்கில் வல்ல இருவரை அனுப்ப, அவர்கள் சேலன் என்னுமிடத்தருகே அவனை எட்டிப்பிடித்து அழைத்து வந்தனர் என்பது வழிவழி வரும் செய்தி. 1523-இல் அவன் சுவீடனின் அரசனானான்.

அதன் நினைவாக 1922-இல் சேலனிலிருந்து மூரா வரை 90 கிலோமீட்டர் பனிச்சறுக்குப் போட்டி தொடங்கியது. முதலாண்டில் ஓடியவர் 119 பேர். வென்றவர் எடுத்த நேரம் 7 மணி 32 நிமிடம். இன்று ஆண்டுதோறும் மார்ச்சு முதல் ஞாயிறன்று பதினையாயிரம் பேர் அளவில் ஓடுகின்றனர். 1923-இல் மார்கித் நூர்தின் என்னும் பெண்மணி ஓடி முடித்துக் காட்டினார். அதன்பின் 1924-இல் பெண்களுக்குத் தடை விதித்தனர். அத்தடை நீங்க 1981 வரை காத்திருக்க நேர்ந்தது. மரபு என்று போற்றுவனவற்றிலும் திருத்த வேண்டியவை உண்டு என்பதற்கு இது சான்று.

கண்ணுக்குத் தெரியாத காட்சி

மூராவிலிருந்து ஆற்றோடு மேலே சென்றால் எல்வ்தாலன் என்னும் ஊர் வரும். அங்கே காண வேண்டியது ஒன்றே. அதையும் காதால்தான் காண வேண்டும். அது அவ்வூரார் பேசும் மொழி. பள்ளத்தாக்கில் ஒதுங்கி வாழ்ந்தமையால், வடபுல மக்களின் பழமொழியில் இருந்து பிற இடங்களில் மறைந்துபோன கூறுகள் பல இங்கே நிலைத்துவிட்டன. பழைய மூக்கொலி உயிர்கள் இன்னும் ஒலிக்கின்றன. சுவீடிய மொழி இழந்துவிட்ட வேற்றுமை வடிவங்கள் இன்னும் வழங்குகின்றன. சுவீடிய மொழி மட்டும் அறிந்தவருக்கு இது விளங்குவதில்லை.

இன்னுமொரு வியப்பு. ரூன் என்னும் பழைய எழுத்து வடபுலத்தின் பிற பகுதிகளில் வழக்கொழிந்து நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. எல்வ்தாலன் வட்டாரத்திலோ அதன் பிற்கால வடிவம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை வழங்கியது. கோடைப்பட்டியில் தங்கியோர் குடிலின் மரச்சுவரில் கத்தியால் செதுக்கிய பெயர்களை இன்றும் படிக்கலாம்.

லார்ஸ் லெவாந்தர் என்னும் அறிஞர் 1909-லேயே இம்மொழியின் இலக்கணத்தை ஆராய்ந்து நூல் எழுதினார். ஆயினும் நூல் எழுதினால் மட்டும் மொழி வாழ்ந்துவிடுவதில்லை. சாலை வந்தது, பள்ளி வந்தது, வேலை தேடி இளைஞர் வெளியேறினர். பள்ளியின் மொழி சுவீடியமே. பெற்றோர் பலர் பிள்ளைகளிடம் அதையே பேசத் தலைப்பட்டனர். இன்று எல்வ்தாலன் மொழி பேசுவோர் இரண்டாயிரம், மூவாயிரம் என்னும் அளவினரே. அவருள் சிறுவரோ மிகச் சிலர். 2000-ஆம் ஆண்டில் சுவீடன் அரசு ஐந்து சிறுபான்மை மொழிகளை ஏற்றபோது இதற்கு இடம் தரவில்லை. இது சுவீடியத்தின் ஒரு கிளைவழக்கே என்பது அரசின் கொள்கை. தனிமொழியே என்று வாதிடும் மொழியறிஞர் பலர் உள்ளனர்.

ஊரார் வாளாவிருக்கவில்லை. 1984-இல் 'உலும் தால்ஸ்க' என்னும் சங்கத்தை நிறுவினர். 'நம் மொழி பேசுவோம்' என்பதே அப்பெயரின் கருத்து. 2005-இல் பொதுவான எழுத்துமுறை ஒன்று வகுக்கப்பட்டது. அகராதி வெளிவந்தது. உலகறிந்த 'குட்டி இளவரசன்' கதை 2007-இல் அம்மொழியில் அச்சாயிற்று.

பாழடைந்த சுரங்கத்தைச் சீர்செய்து காட்டலாம். மரவீட்டைக் கழற்றி வேறிடத்தில் நிறுத்தலாம். குதிரை பொம்மையைக் கண்ணாடிப் பேழையில் வைக்கலாம். பணமும் பற்றும் உள்ளோர் சிலர் முன்வந்தால் இவையெல்லாம் கைகூடும் என்பதைச் சோர்ன் காட்டினார். மொழியை மட்டும் அவ்வாறு வாங்கி வைக்க எவராலும் இயலாது. அதன் இருப்பிடம் குழந்தையின் நாவு. வீட்டில் தாயும் தந்தையும் பேசினால், பள்ளியில் ஆசிரியர் அதனைத் தாழ்வாகக் கருதாது இடமளித்தால், அது இருக்கும். இல்லையேல் ஒரே தலைமுறையில் போய்விடும்.

தாலர்னாவுக்குச் செல்லும் வாய்ப்பு எல்லார்க்கும் கிட்டுவதன்று. ஆயினும் வகுப்பில் ஐரோப்பாவின் நிலப்படத்தை விரித்து வைக்கும் ஆசிரியர், ஏரிகள் கோத்த அவ்வட்டத்தைச் சுட்டிக்காட்டி, அதன் வடமேற்கே ஓர் ஊர் தன் மொழியைப் பிள்ளைகளிடம் ஒப்படைக்கப் பாடுபட்டுக்கொண்டிருக்கிறது என்று சொல்லலாம். அதன் பொருள் பிள்ளைகளுக்கு எளிதில் விளங்கும்.