பெருசானா சரியாப் போயிருமுங்களா?

"நானும் சின்ன வயசுல இப்படித்தானுங்க இருந்தேன். இப்ப நல்லாத்தானுங்களே இருக்கறேன்!" ஒரு இடத்தில் உட்காராத, வீட்டுப்பாடத்தை முடிக்காத, வாரம் ஒரு தண்ணீர் பாட்டிலைத் தொலைத்துவிட்டு வரும் மகனை மருத்துவரிடம் கூட்டிவரும் தகப்பன்மார் சேலம், நாமக்கல் பக்கம் இப்படிச் சொல்வதுண்டு. வளர்ந்தால் தானாகச் சரியாகிவிடும் என்பதற்கு அவர்கள் காட்டும் சாட்சி அவர்களேதான்.

அந்தப் பேச்சின் முதல் பாதி பல நேரங்களில் உண்மை. ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு மிகை இயக்கக் குறைபாடு குடும்பவழியில் வருவது. இரட்டையர்களை வைத்து நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இதில் மரபணுவின் பங்கு சுமார் 74 சதவீதம் என்று தெரியவந்தது. "வளர்த்த லட்சணம்" என்று பெற்றவளைக் குத்திப் பேசுகிறவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டாம் பாதியில்தான் சிக்கல். அந்தத் தகப்பன் நாமக்கல்லில் நாலு லாரி வைத்திருக்கிறார் என்று வையுங்கள். எஃப்.சி. தேதி, இன்ஷூரன்ஸ், பெர்மிட், பைனான்ஸ் டியூ எல்லாம் மனைவிக்குத்தான் மனப்பாடம். வரவு செலவைக் கணக்குப்பிள்ளை பார்க்கிறார். இவரால் அரை மணி நேரம் நாற்காலியில் உட்கார முடியாது. ஆனால் பாடி கட்டும் பட்டறை, பங்க், லோடு ஆபீஸ் என்று நாள் முழுக்கச் சுற்றினாலும் சலிக்காது. அவர் நன்றாக இருப்பது பொய்யில்லை. தனக்கு வராத வேலைகளை இன்னொருவர் செய்யும்படி ஒரு வாழ்க்கையை அமைத்துக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான். கணக்குப்பிள்ளை ஒரு மாதம் ஊருக்குப் போனால் பழைய பையன் வெளியே வந்துவிடுவான்.

1968-ல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு ஏ.டி.எச்.டி.யைக் குழந்தைப் பருவத்து மிகை இயக்கம் என்றே பதிவு செய்தது. பெரியவர்களிடம் இதைக் கண்டறியத் தேவையான அறிகுறிகளின் எண்ணிக்கையை ஆறிலிருந்து ஐந்தாகக் குறைத்து அதே கையேடு திருத்தப்பட்டது 2013-ல்தான். இடைப்பட்ட ஆண்டுகளில் வளர்ந்தவர்களில் பலர் சோம்பேறி, பொறுப்பில்லாதவன், வாயாடி என்ற பெயர்களோடு காலம் தள்ளியிருக்கிறார்கள்.

வளர்ந்தால் போய்விடுமா என்ற கேள்விக்கு இன்று ஓரளவு தெளிவான பதில் இருக்கிறது. அமெரிக்காவில் ஏ.டி.எச்.டி. உள்ள 558 குழந்தைகளைச் சராசரியாக எட்டு வயதிலிருந்து இருபத்தைந்து வயது வரை பின்தொடர்ந்தார்கள். 2021-ல் வெளியான முடிவின்படி, முழுக்க விடுபட்டு அப்படியே நிலைத்தவர்கள் சுமார் 9 சதவீதம். ஒருமுறைகூடக் குறையாமல் தொடர்ந்தவர்கள் சுமார் 11 சதவீதம். பெரும்பாலானோருக்கு, அதாவது சுமார் 64 சதவீதம் பேருக்கு, அது தணிவதும் திரும்ப வருவதுமாக இருந்தது. போய்விட்டது என்று நிம்மதியடைந்த குடும்பங்களில் பாதிக்கு மேல் மறுபடி அதைச் சந்தித்தன.

வளர்ந்தால் அடங்கிவிடும் என்று பாட்டிமார் சொல்வதிலும் ஒரு நியாயம் உண்டு. 2007-ல் வெளியான ஒரு மூளை ஸ்கேன் ஆய்வில், இந்தக் குழந்தைகளின் மூளைப் புறணி மற்றவர்களைப் போலவேதான் வளர்கிறது, ஆனால் ஏறக்குறைய மூன்று ஆண்டு பிந்தி வளர்கிறது என்று கண்டார்கள். அதனால் ஓட்டமும் ஆட்டமும் வயதோடு அடங்குகின்றன. அடங்காமல் மிஞ்சுவது மறதி, தள்ளிப்போடுதல், நேரம் போவது தெரியாமை, ஆரம்பித்ததை முடிக்காமை. இவை வெளியே சத்தம் போடாதவை என்பதால் சரியாகிவிட்டது என்று வீடு நினைத்துக்கொள்கிறது.

இந்த மண்ணுக்கே உரிய ஒரு வைத்தியத்தைப் பற்றிப் பேசாமல் இக்கட்டுரை முழுமையாகாது. "ஹாஸ்டல்ல போட்டா சரியாயிருவான்." ராசிபுரம், திருச்செங்கோடு, நாமக்கல் வட்டாரத்து உண்டு உறைவிடப் பள்ளிகளுக்குத் தமிழ்நாடு முழுவதிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். பிளஸ் ஒன் பாடத்தை ஒதுக்கிவிட்டு பிளஸ் டூ பாடத்தையே இரண்டு வருடம் நடத்தும் வழக்கம் இத்தகைய பள்ளிகளில் வேரூன்றியதால்தான், 2017-18 கல்வியாண்டில் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வைக் கொண்டுவந்தது அரசு.

கவனம் சிதறும் பிள்ளைக்கு ஹாஸ்டல் பலன் தருவதுபோலத் தெரிவதற்குக் காரணம் இருக்கிறது. விடிவதற்கு முன் மணி. அடுத்து எந்தப் புத்தகம் என்பதை முடிவு செய்வது வார்டன். தினமும் டெஸ்ட், அன்றே மார்க். போன் கிடையாது. இந்த மூளையால் தனக்குத்தானே செய்துகொள்ள முடியாத திட்டமிடுதலை வெளியிலிருந்து ஒரு கட்டடமே செய்து கொடுக்கிறது. மார்க் வருகிறது, பெற்றோர் மகிழ்கிறார்கள். பிறகு அவன் கோயம்புத்தூரிலோ சென்னையிலோ கல்லூரிக்குப் போகிறான். அங்கே எழுப்ப மணியில்லை; பரீட்சை நான்கு மாதம் தள்ளி இருக்கிறது. முதல் செமஸ்டரில் அரியர் விழும்போது "அங்க நல்லாத்தான படிச்சான், இங்க வந்து கெட்டுட்டான்" என்று பேச்சு வருகிறது. அவன் கெடவில்லை. மணி அடித்தவர்கள் அந்த மணியைத் தானே அடித்துக்கொள்ள அவனுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. இது பள்ளிகள் செய்யத் தவறிய வேலை என்றே நான் நினைக்கிறேன். அடி விழும் இடங்களில் சேதம் இன்னும் அதிகம்: தான் உருப்படாதவன் என்ற எண்ணம் மட்டும் அவனோடு கல்லூரிக்கும் போகிறது.

பெண் பிள்ளைகளோ யார் கண்ணிலும் படாமலே போய்விடுகிறார்கள். ஓடியாடாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெண்ணை யாரும் மருத்துவரிடம் கூட்டிப்போவதில்லை.

ஏ.டி.எச்.டி. அபூர்வமும் அல்ல. கோவை மாவட்டத்தில் நான்கு பள்ளிகளில் 6 முதல் 11 வயது வரையிலான 770 குழந்தைகளிடம் நடந்த ஆய்வில் 11.32 சதவீதம் பேருக்கு ஏ.டி.எச்.டி. இருப்பதாகக் கண்டார்கள்; அந்த ஆய்வு 2013-ல் வெளியானது. நடிகர் ஃபஹத் ஃபாசில் தனக்கு இது 41 வயதில் கண்டறியப்பட்டதாக 2024-ல் கேரளத்தில், கோதமங்கலத்தில் நடந்த நிகழ்ச்சி ஒன்றில் வெளிப்படையாகச் சொன்னார். சிறு வயதிலேயே கண்டுபிடித்தால் எளிதில் குணமாக்கலாம் என்று மருத்துவர் சொன்னதாகவும் அவர் குறிப்பிட்டார். சீக்கிரம் கண்டுபிடித்தால் சமாளிப்பது எளிது என்பது உண்மை. அடியோடு குணமாகும் என்று அதை எடுத்துக்கொள்ளக் கூடாது.

சமாளிப்பது என்றால் என்ன? வைராக்கியம் அல்ல. நினைவில் வைக்க வேண்டியதைத் தலைக்கு வெளியே வைப்பது. சாவிக்கு வாசலருகே ஒரே ஆணி. சொன்ன நிமிடமே எழுதிக்கொள்ளும் பழக்கம். "இதை முடி" என்பதற்குப் பதில் "இந்த இரண்டு கணக்கைப் போடு, வந்து காட்டு" என்பது. செய்தவுடன் ஒரு பாராட்டு, மாதக் கடைசியில் அல்ல. பக்கத்தில் ஒருவர் பேசாமல் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாலே வேலை ஓடுகிறது என்று பலர் சொல்கிறார்கள். பெரியவர்களுக்கு இத்தகைய பழக்கங்களை வாரம் ஒன்றாகப் பயிற்றுவிக்கும் உளவியல் சிகிச்சை பலனளிப்பதும் ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது.

மருந்தைக் கண்டு பயப்படுகிறவர்கள் உண்டு. ஏ.டி.எச்.டி.க்குத் தரப்படும் மெத்தில்ஃபெனிடேட் கடும் கட்டுப்பாட்டில் உள்ள மருந்து, எல்லா மெடிக்கல்களிலும் கிடைக்காது. மருத்துவரின் கண்காணிப்பில்தான் எடுக்க வேண்டும். ஆனால் லாரி ஓட்டிப் பிழைக்கும் ஊர்க்காரர்கள் ஒரு செய்தியைக் கேட்க வேண்டும். 2017-ல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், ஏ.டி.எச்.டி. உள்ள ஆண்கள் மருந்து எடுத்த மாதங்களில் வாகன விபத்தில் சிக்கும் வாய்ப்பு, எடுக்காத மாதங்களைவிட 38 சதவீதம் குறைவாக இருந்தது.

உதவி தொலைவில் இல்லை. 2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் 30 குறைபாடுகள் பட்டியலில் ஏ.டி.எச்.டி.யும் இருக்கிறது, அதன் மருத்துவக் குழுக்கள் அரசுப் பள்ளிகளுக்கும் அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் நேரில் வருகின்றன. சேலத்தில் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. நாமக்கல்லிலும் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. எங்கே போவதென்று தெரியாவிட்டால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் கட்டணமில்லாமல் கேட்கலாம்.

ஆனால் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழுக்கள் தனியார் உறைவிடப் பள்ளிகளுக்கு வருவதில்லை. ஆயிரக்கணக்கான பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளும் அந்தப் பள்ளிகளின் தாளாளர்கள், ஒரு மனநல ஆலோசகரை முழுநேரமாக நியமித்து, பிளஸ் டூ முடித்து வெளியேறும் முன் ஒவ்வொரு பிள்ளைக்கும் தன் நாளைத் தானே திட்டமிடும் பயிற்சியையும் கொடுக்க வேண்டும். அடுத்த சேர்க்கைக்குப் போகும் பெற்றோரே, கட்டணத்தைக் கேட்பதற்கு முன் இவை இரண்டும் உண்டா என்று கேளுங்கள்.