கூர் கெடாத கத்தி

வெங்காயம் நறுக்கும்போது கண்ணில் நீர் பெருகுவதற்கு வெங்காயத்தையே குற்றம் சொல்வது உலக வழக்கமாக இருந்தாலும், அந்தக் குற்றத்தில் கத்திக்கும் பெரும் பங்கு உண்டு என்பதைப் பலர் யோசிப்பதில்லை. வெங்காயத்தின் நுண்ணறைகளில் தனித்தனியே அடைபட்டுக் கிடக்கும் பொருள்கள், அறைச் சுவர் உடைந்த மாத்திரத்தில் ஒன்றோடொன்று கலந்து, கண்ணைக் கரிக்கும் ஒரு வாயுவாக மாறுகின்றன. இந்தக் காரியத்துக்கென்றே ஒரு தனி நொதி அதனுள் இருப்பதை 2002-ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்தார்கள். கூரான கத்தி தான் இறங்கும் வழியிலுள்ள அறைகளை மட்டும் பிளந்துகொண்டு போகும்; மழுங்கிய கத்தியோ அக்கம்பக்கத்து அறைகளையும் நசுக்கிச் சாற்றைப் பலகையெங்கும் வழியவிடும். கொத்தமல்லித் தழை நறுக்கிய சற்று நேரத்துக்கெல்லாம் கறுத்துப்போவதற்கும், தக்காளி அரியப்படாமல் பிதுங்குவதற்கும் காரணம் இதுவே. இவற்றையெல்லாம்விடக் கவலைக்குரியது விரல். மழுங்கிய கத்தியை அழுத்தித்தான் நறுக்க வேண்டியிருக்கிறது. அழுத்திய வேகத்தில் அது தக்காளித் தோலின்மேல் வழுக்கினால், அந்த வேகம் முழுவதும் காயைப் பிடித்திருக்கும் கையின்மேல் வந்து விழுகிறது. கூர் இல்லாத கத்தி ஆபத்தில்லாதது என்று எண்ணி வீட்டில் வைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு இதை எத்தனை தரம் சொன்னாலும் தகும்.

அலகின் இரண்டு சரிவுகளும் இறங்கி வந்து சந்திக்கும் அந்த ஒரு கோடுதான் கத்தியின் ஜீவஸ்தானம். ஐரோப்பியக் கத்திகளில் அந்தச் சரிவு பக்கத்துக்குச் சுமார் 20 பாகையாகவும், ஜப்பானியக் கத்திகளில் சுமார் 15 பாகையாகவும் அமைந்திருக்கும். கோணம் குறுகக் குறுகக் கத்தி லாவகமாக இறங்கும் என்பது உண்மையே. ஆனால் விளிம்பு அவ்வளவுக்கு மெலிந்திருப்பதால், எஃகு மிருதுவானதாயின் மடங்கும், மிகக் கடினமானதாயின் சில்லாகப் பெயரும். தினமும் புழங்கும் கத்தி சில நாட்களில் வெட்டாமற் போனால், விளிம்பு தேய்ந்துவிட்டது என்று உடனே தீர்மானிக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் அது ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும், அவ்வளவுதான். கத்தியின் வாயை மேல்நோக்கிப் பிடித்து விளக்குக்கு நேரே வைத்துப் பார்த்தால் இந்தச் சூட்சுமம் பிரத்தியட்சமாகத் தெரியும்: கூரான விளிம்பில் கண்ணுக்கு எந்தக் கோடும் புலப்படாது, மழுங்கிய இடத்தில் மட்டும் வெள்ளி இழைபோல ஒளி மின்னும்.

நம் பாட்டிமார் காலத்தில் இந்தக் கவலை அவ்வளவாக இருந்ததில்லை. ஏனெனில் அரிவாள்மனையில் அலகு அசையாது, காய்தான் அசையும். பலகையைக் காலால் மிதித்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் காயைப் பிடித்து, தன்னை நோக்கி வளைந்து நிற்கும் அலகில் அதைத் தள்ளுகிறவளுக்குத் தன் கைகளின் விசை இரண்டும் ஒருசேரக் கிடைக்கிறது. பூசணிக்காயும் பலாக்காயும் அதன் முன் பணிந்துபோகும். இன்றும் மீன் கடைகளில் அதற்கு ஈடு இல்லை. ஆனால் அடுப்பு மேடை ஏறி, நின்றபடியே சமைக்கும் வழக்கம் வந்துவிட்ட வீடுகளில் அரிவாள்மனை பரண் ஏறிவிட்டது. அதன் இடத்துக்கு வந்த கத்தியைத் தேர்ந்தெடுக்கும் விவேகமோ, அதைப் பராமரிக்கும் பழக்கமோ கூடவே வந்து சேரவில்லை.

கடைகளில் அழகிய மரக்கட்டையில் செருகி வைத்து விற்கும் பத்துக் கத்திகளில் எட்டு, வாங்கிய வீட்டில் உபயோகமின்றிக் கிடக்கும் என்பது என் அபிப்பிராயம். அலகு 18 அல்லது 20 சென்டிமீட்டர் நீளமுள்ள கத்தி ஒன்று, தோல் சீவவும் சிறு வேலைகளுக்கும் 8 அல்லது 10 சென்டிமீட்டரில் இன்னொன்று, இவ்விரண்டும் ஒரு குடும்பத்துக்குத் தாராளமாகப் போதும். தேங்காய் உடைப்பதற்கும் எலும்பு வெட்டுவதற்கும் கனத்த வெட்டுக்கத்தி தனியே இருக்கட்டும். மெல்லிய கத்தியை அந்த வேலைக்கு எடுத்தால் விளிம்பு பல்லுப் பல்லாகப் பெயர்ந்துவிடும். வாங்கும்போது அலகின் எஃகு கைப்பிடியின் கடைசிவரை ஓடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிடியின் முதுகில் இரண்டு மரத்துண்டுகளுக்கு நடுவே எஃகுக் கோடு தெரிந்தால் அது நெடுநாள் ஆடாமல் நிற்கும். கத்தியைப் பலகைமேல் வைத்துப் பிடித்தால் விரல் முட்டிகள் பலகையில் இடிக்கலாகாது. மற்றபடி, பிடிப்பவர் கைக்குப் பாரம் சௌகரியமாக இருக்க வேண்டும். இதை வேறொருவர் சொல்லித் தெரிந்துகொள்ள முடியாது.

இரும்பா, துருப்பிடிக்காத எஃகா என்ற கேள்விதான் சிறிது நின்று யோசிக்கத்தக்கது. இங்கிலாந்தில் கத்தித் தொழிலுக்குப் பேர்போன ஷெஃபீல்டு நகரில், துப்பாக்கிக் குழாய்கள் அரித்துப்போகாதிருக்க ஓர் எஃகைத் தேடிக்கொண்டிருந்த ஹாரி பிரியர்லி என்பவர், 1913-ஆம் ஆண்டில் குரோமியம் கலந்து உருக்கிய எஃகு புளிக்காடியையும் எலுமிச்சைச் சாற்றையும் தாங்கி நிற்பதைக் கண்டார். குழாயை விட்டுக் கத்தியின்பால் அவருடைய கவனம் திரும்பியது. குறைந்தபட்சம் 10.5 சதவீதம் குரோமியம் சேர்ந்துவிட்டால், அது காற்றிலுள்ள பிராணவாயுவோடு கூடி, கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய படலமாக எஃகின் மேல் படிந்து துருவைத் தடுக்கிறது. புளியும் எலுமிச்சையும் மாங்காயும் ஓயாத நம் அடுக்களைக்கு இது பெரும் வரப்பிரசாதம். ஆயினும் கொல்லன் உலையில் பழுக்கக் காய்ச்சி, அடித்து, நீரில் தோய்த்துப் பதம் ஏற்றிய கரிம எஃகுக் கத்திக்குக் கல்லில் நாலு இழுப்பில் ஏறும் கூரை, மலிவான எவர்சில்வர் கத்தியிடம் எதிர்பார்க்க முடியாது. லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டையை அடித்தே கிராமத்துக் கொல்லர்கள் அருமையான கத்திகளைச் செய்து தருகிறார்கள். நறுக்கி முடித்தவுடன் கத்தியைத் துடைத்து வைக்கும் பழக்கமுள்ளவர் அதையே வாங்கலாம். நாளடைவில் அலகு சாம்பலும் நீலமுமாகக் கறுத்து, அந்தக் கறுப்பே துருவுக்கு ஓரளவு காப்பாகிவிடும். பழக்கம் இல்லாதவருக்கு எவர்சில்வரே நல்லது.

பலகை விஷயத்தில் மரத்துக்கு இணை வேறில்லை. கண்ணாடி, கிரானைட், எவர்சில்வர்த் தட்டு இவற்றின்மேல் வைத்து நறுக்குவது விளிம்பை வேண்டுமென்றே கல்லில் மோதுவதற்குச் சமானம். மேடைக் கல்லின்மேலேயே வைத்து நறுக்குகிற வீடுகளில் எந்த நல்ல கத்தியும் ஒரு வாரம் தாங்காது. நறுக்கிய காயைப் பலகையிலிருந்து வழித்துத் தள்ளும்போது கத்தியைத் திருப்பி அதன் முதுகால் தள்ள வேண்டும். எச்சில் பாத்திரங்களோடு தொட்டியில் போட்டு ஊறவைப்பது கத்திக்கும் கேடு, உள்ளே கைவிடுகிறவருக்கும் கேடு.

இனி, தீட்டுதல். இரும்புக் கடையில் கிடைக்கும் இருபக்கச் சாணைக்கல் ஒன்று பல வருஷங்களுக்கு உதவும். கல்லின் எண் ஏற ஏறச் சொரசொரப்புக் குறையும். அடுக்களைக் கத்திக்கு 1000 எண்ணே பிரதானம். ஈரத் துணியின்மேல் கல்லை அசையாமல் வைத்து, நீர் தெளித்து, கத்தியைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். எவ்வளவு சாய்ப்பது என்பதில்தான் பலருக்குச் சந்தேகம். ஒரு காகிதத்தின் மூலையை நடுவில் மடித்தால் 45 பாகை. அதை இன்னொரு தரம் மடித்தால் இருபத்திரண்டரை. அந்த மடிப்பைக் கல்லின்மேல் வைத்து அதன் சரிவுக்குச் சற்றே தாழ்வாகக் கத்தியைப் பிடித்துக் கை பழகிவிட்டால், பிறகு காகிதம் தேவைப்படாது. அடிமுதல் நுனிவரை ஒரே சாய்வில், அதிக அழுத்தமின்றித் தேய்த்து வரும்போது, தேய்க்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் மெல்லிய பிசிறு ஒன்று எழும்பும். அலகின் முதுகிலிருந்து விளிம்புக்கு வெளியே கட்டைவிரலை மெதுவாக நகர்த்தினால் அது நெருடும். பிசிறு நீளம் முழுவதும் எழும்பிய பின்பே கத்தியைத் திருப்ப வேண்டும். பொறுமையின்றி முன்கூட்டியே திருப்பிவிடுவதால்தான், மணிக்கணக்கில் தேய்த்தும் கூர் வரவில்லை என்று பலர் அலுத்துக்கொள்கிறார்கள். மறுபக்கமும் எழுந்த பிசிறை, இரு பக்கமும் மாற்றி மாற்றி லேசாக இழுத்து நீக்கிவிட்டால் வேலை முடிந்தது. பழுத்த தக்காளியின்மேல் கத்தியின் பாரத்தை மட்டும் வைத்து இழுத்துப் பார்த்தால் முடிந்ததா இல்லையா என்பது விளங்கிவிடும். அவசரத்துக்குக் கல் இல்லையென்றால், பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து அதன் அடியிலுள்ள மெருகில்லாத வளையத்தில் நாலு இழுப்பு இழுக்கலாம். எஃகைவிடக் கடினமான பொருள் அது.

தெருவில் சைக்கிளில் வரும் சாணை பிடிப்பவரிடம் கொடுப்பதில் தவறில்லை. சக்கரத்தைத் தொட்டும் தொடாமலும் பிடித்து வேலை செய்யும் தேர்ந்த கைகள் அவர்களில் உண்டு. ஆனால் தீப்பொறி சிதறச் சிதற ஓரிடத்தில் நெடுநேரம் அழுத்தினால் விளிம்பு சூடேறும். சுமார் 300 பாகை செல்சியஸில் எஃகின்மேல் நீல நிறம் படரும். அந்த நீலம் கண்ட இடத்தில் கொல்லன் ஏற்றிய பதம் இறங்கிவிட்டது என்று அறிய வேண்டும். அங்கே எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. சாணை பிடிப்பவரிடம், இடையிடையே நீரில் நனைத்துக்கொள்ளும்படி முன்கூட்டியே கேட்டுக்கொள்வது உசிதம்.

கத்தியைக் கரண்டிகளோடு கலந்து இழுப்பறையில் போட்டால் ஒவ்வொரு தரம் திறக்கும்போதும் விளிம்பு எதிலாவது மோதும். கெட்டி அட்டையை மடித்து ஓர் உறை செய்து அலகுக்கு மாட்டினால், தேடித் துழாவும் கைக்கும் பாதுகாப்பு. நாலு நாள் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போகிறவர்கள், இரும்புக் கத்தியை ஈரம் போகத் துடைத்து, தேங்காயெண்ணெய் ஒரு சொட்டு விட்டு அலகு முழுவதும் தடவி, உலர்ந்த துணியில் சுற்றி வைத்துவிட்டுப் போகலாம்.