திருநள்ளாறு போனா எங்க சாப்பிடுறது? குறைஞ்ச காசுல நல்ல சாப்பாடு கண்டுபிடிக்கிற கணக்கு

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம்)

இன்னைக்கு எபிசோட் சாப்பாடு பத்தினது. ஆனா "டாப் டென் ஹோட்டல்" மாதிரி லிஸ்ட் எதுவும் நான் தரப்போறதில்லை. லிஸ்ட் ஆறு மாசத்துல பழசாயிடும். மாஸ்டர் மாறுவார், ஓனர் மாறுவார், விலை ஏறும். அதுக்குப் பதிலா, புது ஊர்ல இறங்கின உடனே நல்ல கடையை நீங்களே எப்படி கண்டுபிடிக்கிறதுன்னு பேசலாம். அதுக்கு நான் எடுத்துக்கிட்ட ஊர் திருநள்ளாறு.

ஏன் திருநள்ளாறுன்னா, அங்க வர்றவங்கள்ல நிறைய பேர் சுற்றுலா மனநிலையில வர்றதில்லை. ஏழரைச் சனி, அஷ்டமத்துச் சனின்னு யாரோ சொல்லியிருப்பாங்க. வேலை போயிருக்கும், கல்யாணம் தள்ளிப்போயிருக்கும், வீட்ல யாருக்காவது உடம்பு முடியாம இருக்கும். சென்னையிலேர்ந்து ராத்திரி பஸ் ஏறி, தூக்கம் இல்லாம, பயத்தோட வந்து நிப்பாங்க. கையில காசும் அளவாத்தான் இருக்கும். அந்த நிலையில இருக்குறவங்க பேரம் பேச மாட்டாங்க, பில்லைப் பார்க்க மாட்டாங்க. "சரி, இதுவும் சேர்த்து போகட்டும்"னு கொடுத்துட்டு வந்துடுவாங்க. அதனாலதான் இந்தப் பேச்சு முக்கியம்னு எனக்குத் தோணுச்சு.

முதல்ல ஊரைப் புரிஞ்சுக்கலாம்

திருநள்ளாறு இருக்குறது தமிழ்நாட்டுல இல்லை. காரைக்கால் மாவட்டம், புதுச்சேரி யூனியன் பிரதேசம். சுத்தி நாகப்பட்டினம், மயிலாடுதுறை, திருவாரூர் மாவட்டங்கள். நடுவுல இது தனி. 1954 வரைக்கும் பிரெஞ்சுக்காரங்க நிர்வாகம் பண்ணின பகுதி. காரைக்கால் டவுன்லேர்ந்து மேற்கே சுமார் 5 கிலோமீட்டர்ல தர்ப்பாரண்யேஸ்வரர் கோவில். மூலவர் சிவன்தான். ஆனா ஜனங்க வர்றது அங்க தனிச் சன்னதியில இருக்குற சனீஸ்வரருக்காக.

சாப்பாட்டு விஷயத்துல இந்த எல்லைக்கோடு எங்க வேலை செய்யுதுன்னா, அம்மா உணவகம் மாதிரி தமிழ்நாடு அரசு நடத்துற மலிவு விலைத் திட்டத்தை இங்க எதிர்பார்க்க முடியாது. அது பக்கத்து அரசாங்கத்தோடது. இன்னொன்னு, மதுக்கடை விதிகளும் இங்க வேற. தமிழ்நாட்டுல டாஸ்மாக்; இங்க லைசென்ஸ் எடுத்த தனியார் கடைகள். அதனால காரைக்கால் டவுன்ல குடும்பத்தோட சாப்பிடப் போகும்போது, போர்டுல "பார்"னு இருக்கான்னு ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துட்டு உள்ள போங்க.

கோவில் வாசல்ல சாப்பாடு ஏன் சுமாரா இருக்கு?

இது திருநள்ளாறுக்கு மட்டும் உள்ள பிரச்சனை இல்லை. திருப்பதி, ராமேஸ்வரம், ஊட்டி, எல்லா இடத்துலயும் இதே கதைதான். அமெரிக்காவுல டெக்சாஸ் மாநிலத்துல சான் அன்டோனியோன்னு ஒரு ஊர். டெக்ஸ்-மெக்ஸ் சாப்பாட்டுக்குப் பேர் போன ஊர். அங்கயும் ஊர்க்காரங்க, ஆத்தங்கரை ஓரமா டூரிஸ்ட்டுக்காக வரிசையா இருக்குற கடைகளைத் தாண்டி, குடியிருப்புப் பகுதியில இருக்குற சின்ன டாக்கோ கடைக்குத்தான் உங்களை அனுப்புவாங்க.

காரணம் ரொம்ப எளிமையானது. உங்க தெருமுனை டிபன் கடைக்காரர் இன்னைக்கு புளிச்ச சட்னி வெச்சா, நாளைக்கு நீங்க போக மாட்டீங்க. அந்த பயம் அவருக்கு இருக்கு. கோவில் வாசல் கடைக்கு நீங்க ஒரே ஒரு தடவைதான் வருவீங்க. அடுத்து எப்ப வருவீங்களோ தெரியாது. சாப்பாடு நல்லா இருந்தாலும் இல்லேன்னாலும் நாளைக்கு வேற கூட்டம் வரும். ஜார்ஜ் அக்கர்லாஃப்னு ஒரு பொருளாதார அறிஞர் 1970-ல பழைய கார் சந்தையை வெச்சு ஒரு கட்டுரை எழுதினார். வாங்குறவனுக்குத் தரம் தெரியலைன்னா, நல்ல சரக்குக்கு நல்ல விலை கிடைக்காது, கடைசியில மட்டமான சரக்குதான் சந்தையில மிஞ்சும்கிறது அதோட சாரம். 2001-ல அவருக்கு நோபல் பரிசு கிடைச்சது. கோவில் வாசல் சாம்பாருக்கும் இந்தக் கணக்கு பொருந்தும்.

இதுல வேடிக்கை என்னன்னா, திருநள்ளாறு நளன் கதையோட ஊர். சனி பிடிச்சு நாட்டை இழந்த நளன், இங்க தீர்த்தத்துல குளிச்சு விடுதலை ஆனான்னு தல வரலாறு. நளதீர்த்தம்னு குளமே இருக்கு. "நளபாகம்"னு நல்ல சமையலுக்கு நாம பேர் வெச்சிருக்கோமே, அந்த நளன்தான். கதையில அவன் உருவம் மாறி ஒரு ராஜாகிட்ட வேலை பார்ப்பான். தமயந்தி அவன் சமைச்சதை வரவழைச்சு ருசி பார்த்து, இது நம்ம ஆள்தான்னு கண்டுபிடிப்பா. அவளால ஏன் முடிஞ்சது? ஏற்கெனவே பல தடவை சாப்பிட்டிருக்கா! அந்த வசதி வெளியூர்க்காரனுக்குக் கிடையாது. அப்ப அவன் என்ன பண்ணணும்? பல தடவை சாப்பிட்டவங்க எங்க போறாங்கன்னு பார்க்கணும்.

இன்னைக்கு எபிசோட்ல ஒண்ணே ஒண்ணுதான் ஞாபகம் வெச்சுக்க முடியும்னா இதை வெச்சுக்கோங்க: திரும்பத் திரும்ப வர்ற ஆள் சாப்பிடுற கடையைத் தேடுங்க.

அந்த ஆளுங்க யாரு, எங்க இருப்பாங்க?

திருநள்ளாறுல: பூக்கடைக்காரங்க, நல்லெண்ணெய் - எள் விளக்கு விக்கிறவங்க, ஆட்டோ ஸ்டாண்ட் அண்ணன்மார், லாட்ஜ்ல வேலை பார்க்குறவங்க. இவங்க தினமும் வெளிய சாப்பிடுறவங்க. இவங்ககிட்ட "நல்ல ஹோட்டல் எது?"ன்னு கேட்காதீங்க. அப்படிக் கேட்டா, உங்க டிரஸ்ஸைப் பார்த்துட்டு ஏசி போட்ட கடையைக் காட்டுவாங்க. "அண்ணே, நீங்க மத்தியானம் எங்க சாப்பிடுவீங்க?"ன்னு கேளுங்க. இப்ப வர்ற பதில் வேற மாதிரி இருக்கும்.

வேன் எடுத்துக்கிட்டு ஒரே நாள்ல நவக்கிரகக் கோவில் எல்லாம் சுத்துறவங்களுக்கு ஒரு குறிப்பு. வேன் எங்க நிக்குதோ அங்கேயே சாப்பிடணும்னு கட்டாயம் இல்லை. கூட்டம் கூட்டிட்டு வர்ற டிரைவருக்கு இலவசச் சாப்பாடு போடுறது நம்ம நெடுஞ்சாலை ஹோட்டல்கள்ல புதுசு கிடையாது. அவர் மேல தப்பு சொல்லலை, அவர் வேலை அப்படி. ஆனா அந்தக் கடையை அவர் தேர்ந்தெடுத்த காரணமும் உங்க காரணமும் வேற வேற.

காரைக்கால் டவுனுக்குள்ள வந்தா நிலைமை இன்னும் நல்லா இருக்கும். மாவட்டத் தலைநகர். அரசு அலுவலகம், அரசு மருத்துவமனை, ஜிப்மர் கிளை, என்ஐடி, எல்லாம் இந்தச் சின்ன மாவட்டத்துக்குள்ளயே இருக்கு. அதாவது கிளார்க், நர்ஸ், ஸ்டூடன்ட், நோயாளிக்குத் துணைக்கு வந்தவங்க. மாசக் கடைசியிலயும் சாப்பிட்டே ஆகணும்கிற கூட்டம். இவங்களை நம்பி நடக்குற மெஸ்ல விலையும் ஏறாது, ருசியும் ஒரேயடியா இறங்காது. அஞ்சு கிலோமீட்டர்தான், பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் உண்டு. தரிசனம் முடிச்சுட்டு பசி தாங்கும்னா பாரதியார் சாலைப் பக்கம் வந்து சாப்பிடுங்க. அசைவம் சாப்பிடுறவங்களுக்கும் இது கடற்கரை ஊர். மீன் குழம்பு சாப்பாட்டை ஊர்க்காரங்ககூட உட்கார்ந்து சாப்பிடலாம். அப்படியே தெற்கே நாகூர் வரைக்கும் போனீங்கன்னா, சாயங்காலம் இறால் வெச்சு பொரிச்ச வாடா சாப்பிடாம வராதீங்க.

கடைக்குள்ள நுழைஞ்சதும் பார்க்க வேண்டியது

ஒண்ணு, மெனு. சின்ன கடையில நீளமான மெனு இருந்தா நான் கொஞ்சம் தயங்குவேன். காலையில இட்லி, பொங்கல், பூரி, மத்தியானம் சாப்பாடு, ராத்திரி தோசை, புரோட்டா. இவ்வளவுதான் இருக்குன்னா அன்னைக்கு அரைச்சது அன்னைக்கே தீருதுன்னு அர்த்தம். எண்பது அயிட்டம் எழுதியிருந்தா பாதி ஃபிரிட்ஜ்ல உட்கார்ந்திருக்கும்.

ரெண்டு, நேரம். மத்தியானச் சாப்பாட்டை 12-லேர்ந்து 1 மணிக்குள்ள முடிச்சுக்கோங்க. மூணரை மணிக்குப் போனா அடிமண்டி சாம்பாரும் ஆறின சோறும்தான். இதுல ருசி மட்டும் பிரச்சனை இல்லை. சோத்துல பேசில்லஸ் சீரியஸ்னு ஒரு கிருமியோட வித்துகள் வேகவெச்சாலும் சாகாம இருக்கும். சோறு வெதுவெதுப்பா மணிக்கணக்கா கிடந்தா அது பெருகும். வாந்தி, வயித்துப்போக்கு அதுலேர்ந்து வரலாம். சூடா 60 டிகிரிக்கு மேல இருக்கணும், இல்லேன்னா நல்லா குளிர்ச்சியா இருக்கணும். ஆவி பறக்குதான்னு பாருங்க, போதும்.

மூணு, பார்சல். திரும்பிப் போற பஸ்ல சாப்பிட கட்டிக்கிறதுன்னா புளியோதரை நல்ல தேர்வு. புளியோட புளிப்பும் எண்ணெயும் சேர்ந்து அதைச் சீக்கிரம் கெட விடாது. தேங்காய்ச் சட்னி, கெட்டிக் குருமா இதெல்லாம் வெயில் நேரத்துல வேண்டாம். பெரியவங்க, குழந்தைங்க கூட இருந்தா இதுல கண்டிப்பா இருங்க.

நாலு, அளவு. "அளவுச் சாப்பாடு"ன்னு இருந்தா அதைக் கேளுங்க. விரதம் இருந்துட்டு வந்தவங்களும் வயசானவங்களும் முழுச் சாப்பாட்டுல பாதியை இலையிலேயே விட்டுடுறாங்க. நாலு பேர்ல ரெண்டு பேர் அளவுச் சாப்பாடு எடுத்தாலே பில் இறங்கும்.

பில்லைப் படிக்கக் கத்துக்கோங்க

சாதாரண ஹோட்டல்ல சாப்பாட்டுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். ஏசி ஹாலா இல்லையாங்கிறதால அது மாறாது. 2017 நவம்பர்லேர்ந்து இப்படித்தான். வரி போட்டிருந்தா பில்லுல ஜிஎஸ்டி எண் இருக்கணும். புதுச்சேரி பதிவுன்னா அது 34-ல ஆரம்பிக்கும், தமிழ்நாடுன்னா 33. எண்ணே இல்லாம வரி மட்டும் சேர்த்திருந்தா தைரியமா கேளுங்க. "காம்போசிஷன்" திட்டத்துல இருக்குற சின்ன கடைங்க உங்ககிட்ட தனியா வரி வாங்கவே கூடாது.

சர்வீஸ் சார்ஜ்னு தானா சேர்த்திருந்தா, கொடுக்கணும்னு கட்டாயம் இல்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில வெளியிட்ட வழிகாட்டுதலை டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்ல உறுதி பண்ணிடுச்சு. சப்ளையருக்கு டிப்ஸ் கொடுக்குறது உங்க மனசு. அதை அவர் கையில கொடுங்க.

தண்ணி பாட்டில் விஷயம் கொஞ்சம் குழப்பமானது. பெட்டிக்கடையில எம்ஆர்பிக்கு மேல வாங்கக்கூடாது. ஆனா உட்கார வெச்சு பரிமாறுற ஹோட்டல் கூடுதலா வாங்கலாம்னு உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பர்ல சொல்லியிருக்கு. அதனால பாட்டிலை வெளிய வாங்கிட்டு உள்ள போங்க.

உணவுப் பாதுகாப்பு எண் 14 இலக்கம். கடையில மாட்டியிருக்கணும், பில்லுலயும் இருக்கணும். பிரச்சனைன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிடுங்க.

எந்த நாள் போறது?

சனிக்கிழமை கூட்டம் எப்படி இருக்கும்னு சொல்ல வேண்டியதில்லை. அன்னைக்கு எந்த நல்ல மாஸ்டரும் திணறத்தான் செய்வார். வேற கிழமையில போனா சாப்பாடு, ரூம், ஆட்டோ எல்லாமே இலகுவா இருக்கும். சனிப்பெயர்ச்சிக்குப் போறவங்க தேதியைக் கோவில் அறிவிப்புல பாருங்க. இந்தக் கோவில் வாக்கியப் பஞ்சாங்கப்படி நடக்குது; 2023 டிசம்பர் 20-ல விழா நடந்தது. 2025 மார்ச் 29-ல பெயர்ச்சின்னு டிவியில சொன்னது திருக்கணிதக் கணக்கு. இங்க அன்னைக்கு விழா இல்லைன்னு கோவில் தரப்புலயே சொல்ல வேண்டி வந்தது.

கடைசியா ஒண்ணு. மலிவா சாப்பிடணும்ங்கிறதுக்காக சின்ன கடைக்காரர்கிட்ட அஞ்சு ரூபாய்க்கு மல்லுக்கட்டச் சொல்லலை. சாப்பாடு நல்லா இருந்தா, கல்லாவுல காசு கொடுக்கும்போது "சாம்பார் நல்லா இருந்துச்சு"ன்னு சொல்லிட்டு வாங்க. கூகுள்ல கடை பேரோட, சாப்பிட்ட தேதியோட ரெண்டு வரி எழுதுங்க. ஒரே தடவை வந்த ஆளா இருந்தாலும், உங்களுக்கு அடுத்து வர்றவங்களுக்கு நீங்கதான் பழைய வாடிக்கையாளர். நல்ல மெஸ் தாக்குப்பிடிக்கிறது இப்படித்தான்.

உங்க ஊர் கோவில் வாசல்ல, பஸ் ஸ்டாண்ட் பின்னாடி, இப்படி ஒரு கடை இருந்தா எங்களுக்கு எழுதுங்க. கடைக்குத் தினமும் வர்றவங்க யாருன்னும் சேர்த்து எழுதுங்க.