திறப்பு யாரிடம்?

2019 ஏப்ரல் 21 அன்று கொட்டாஞ்சேனை, கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயத்திலும் வேறு இடங்களிலும் குண்டுகள் வெடித்த சில மணி நேரத்தில் பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் முடக்கப்பட்டன. தடை அம்மாத இறுதிவரை நீடித்தது. வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் எல்லோரும் தவித்தோம்; வெளிநாட்டிலிருந்த வாப்பா பேசுவது வட்ஸ்அப்பில்தான்.

வதந்தியைத் தடுக்கவே முடக்கினோம் என்றது அரசு. அது வெறும் சாட்டு அல்ல. 2018 மார்ச்சில் திகனையில் எம்மவரின் கடைகளும் வீடுகளும் எரிந்தபோது வெறுப்பு பரவியது பேஸ்புக் வழியாகவும்தான். 2020இல் அந்நிறுவனமே அதற்கு வருத்தம் தெரிவித்தது. ஆனாலும் விபிஎன் தெரிந்தவர்கள் தடையைத் தாண்டிப் போனார்கள். மாட்டிக்கொண்டது உம்மம்மாக்கள்தான்!

எல்லோரையும் முடக்குவது ஒன்று, ஒருவரைக் கண்காணிப்பது இன்னொன்று. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டப்படி, ஒருவரின் தொடர்பாடலை இடைமறிக்கப் பொலிசாருக்கு நீதவானின் ஆணை வேண்டும். அவசர வேளைகளுக்கு விலக்குண்டு. எனக்கு நம்பிக்கை தருவது இந்த நீதவான்தான். திறப்பைக் கேட்பவர் ஒருவர், கொடுப்பவர் வேறொருவர்.

நமது அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகளில் அந்தரங்கம் தனியுரிமையாக இல்லை. 2015இல் சேர்க்கப்பட்ட 14அ உறுப்புரையில் அச்சொல் வருகிறது, அதுவும் தகவல் அறியும் உரிமையை மட்டுப்படுத்தும் காரணமாக!

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இக்குறையை ஓரளவு தீர்க்கிறது. தேசிய பாதுகாப்புக்காக விலக்குக் கோரலாம். ஆனால் அவ்விலக்கு சட்டத்தில் விதிக்கப்பட்டதாக, அவசியமானதாக, தேவைக்கு மிஞ்சாததாக இருக்கவேண்டும் என்கிறது அது.