மோனோ ஏரி மீட்பும் கலை முயற்சிகளும்

மோனோ ஏரி மீட்பு இயக்கம் என்பது, ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சியரா நெவாடா மலைத்தொடரின் கிழக்கு அடிவாரத்தில் அமைந்துள்ள மோனோ ஏரியை வற்றிப்போகாமல் காப்பதற்கு 1978 ஆம் ஆண்டு முதல் நடைபெற்றுவரும் மக்கள் இயக்கம் ஆகும். சில நூறு பேரே வாழும் லீ வைனிங் என்ற சிற்றூரிலிருந்து செயல்படும் இவ்வியக்கம், தன் தொடக்க காலத்தில் மக்களின் ஆதரவையும் நிதியையும் பெரும்பாலும் ஒளிப்படங்கள், படவில்லைக் காட்சிகள், நூல்கள், ஊர்கூடி நடத்திய சடங்குகள் ஆகியவற்றின் வழியாகவே திரட்டியது.

ஏரியும் அதன் சிக்கலும்

மோனோ ஏரிக்கு வெளிப்போக்கு இல்லை. மலையிலிருந்து வரும் ஓடைகள் கொண்டுவரும் உப்புகள் ஏரியிலேயே தங்க, நீர் மட்டும் ஆவியாகிச் செல்கிறது. ஆகையால் இதன் நீர் கடல்நீரைவிட உப்பு மிகுந்ததும் காரத்தன்மை கொண்டதும் ஆகும். இதில் மீன்கள் இல்லை. ஆனால் உவர்நீர் இறாலும் காரநீர் ஈக்களும் கோடிக்கணக்கில் உள்ளன. அவற்றை உண்டு கடற்காகங்களும் வலசைப் பறவைகளும் பெருந்திரளாக வாழ்கின்றன. இப்பகுதியின் தொல்குடியினரான குட்சாடிகா மக்களும் இந்த ஈயின் கூட்டுப்புழுக்களைச் சேகரித்து உணவாகக் கொண்டனர்.

1941 ஆம் ஆண்டில் லாஸ் ஏஞ்சலஸ் மாநகரம் ஏரிக்கு வரும் ஐந்து முதன்மை ஓடைகளில் நான்கைத் தன் கால்வாய்க்குத் திருப்பியது. 1970 இல் இரண்டாவது கால்வாய் கட்டப்பட்டபின் இன்னும் கூடுதலாக நீர் எடுக்கப்பட்டது. கடல் மட்டத்திலிருந்து 6,417 அடி உயரத்தில் இருந்த ஏரியின் நீர்மட்டம் 1982 இல் 6,372 அடியாகக் குறைந்தது. 45 அடி வீழ்ச்சியில் நீரின் கொள்ளளவு பாதியாகி, உப்புச்செறிவு இருமடங்கானது. 1979 இல் நெகிட் தீவுக்கும் கரைக்கும் இடையே நிலம் வெளிப்பட்டு, அதன் வழியே சென்ற கயோட்டி நரிகள் அங்கு கூடு கட்டியிருந்த கடற்காகங்களை விரட்டிவிட்டன.

அழகற்ற ஏரி என்ற பெயர்

இயக்கத்தினர் எதிர்கொண்ட முதல் தடை நீதிமன்றமோ மாநகராட்சியோ அன்று. ஏரியின் கெட்ட பெயரே எனலாம். எழுத்தாளர் மார்க் டுவைன் 1872 இல் வெளியான தம் பயண நூலில் இதனை உயிரற்ற பாலைநில நீர்நிலையாக வருணித்திருந்தார். மீன் பிடிக்க இயலாத, குடிக்க இயலாத, மரங்களற்ற கரையுடைய ஓர் உப்பு ஏரிக்காக ஒரு பெருநகரம் தன் குடிநீரை ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும் என்ற கேள்விக்கு அறிவியல் அறிக்கை மட்டும் போதுமானதாக இல்லை. 1976 இல் மாணவர்கள் குழு ஒன்று ஏரியின் சூழலியலை ஆராய்ந்து அறிக்கை அளித்திருந்தது. அக்குழுவில் இருந்த டேவிட் கெயின்ஸ், 1978 இல் நண்பர்களுடன் மோனோ ஏரிக் குழுவைத் தொடங்கியபின், படவில்லைகளை எடுத்துக்கொண்டு கலிபோர்னியா முழுவதும் சென்று, கேட்க விரும்பியோர் அனைவருக்கும் ஏரியைக் காட்டினார்.

ஒளிப்படக் கலைஞர் சுடீபன் ஜான்சன் பல கலைஞர்களின் மோனோ ஏரிப் படங்களைத் தொகுத்து நடத்திய பயணக் கண்காட்சி, 1983 இல் நூலாகவும் வெளிவந்தது. 1975 இல் பிங்க் ஃபிளாய்ட் இசைக்குழுவின் இசைத்தட்டு ஒன்றுக்காக இங்கு படமெடுக்கப்பட்டிருந்தது. எனினும் அப்படத்தைக் கண்டோரில் பலர் அது எந்த இடம் என்று அறிந்திருக்கவில்லை.

இதில் ஒரு முரண் உண்டு. ஒளிப்படங்களில் புகழ்பெற்ற டூஃபா கோபுரங்கள் எனப்படும் வெண்சுண்ணப் பாறைகள், ஏரியடி ஊற்றுகளின் சுண்ணாம்பு ஏரிநீரின் கார்பனேட்டுடன் சேர்வதால் நீருக்கு அடியில் உருவாகின்றவை. நீர் குறைந்ததாலேயே அவை இத்தனை உயரத்துக்கு வெளியே தெரிந்தன. அதாவது மக்களை ஈர்த்த அழகே ஏரியின் காயமும் ஆகும். ஏரி மீண்டால் அக்கோபுரங்களில் பல மீண்டும் நீரில் மூழ்கும் என்பதை இயக்கத்தினர் மறைக்கவில்லை.

சடங்குகளும் நிதியும்

லீ வைனிங் ஓடையில் வாளிகளில் நீர் மொண்டு நடந்துசென்று ஏரியில் ஊற்றும் வாளி நடை இவ்வியக்கத்தின் அடையாள நிகழ்வாயிற்று. ஊற்றிய நீரால் ஏரி ஓர் அங்குலமும் உயராது; ஓடை எங்கு சென்றிருக்க வேண்டும் என்பதை அது ஒவ்வொருவரின் கையாலும் காட்டியது. 1980களில் நடைபெற்ற மிதிவண்டிப் பயணங்களில், லாஸ் ஏஞ்சலஸ் நீர்த்துறைத் தலைமையகத்தின் முன்னுள்ள குளத்திலிருந்து நீரைச் சிறு குப்பிகளில் எடுத்து, ஏறத்தாழ 560 கி.மீ. தொலைவு கொண்டுவந்து ஏரியில் சேர்த்தனர். கடக்கும் தொலைவுக்கு ஏற்ப நன்கொடை தருவதாக உறவினரும் நண்பரும் வாக்களிப்பர். கெயின்ஸ் எழுதி 1981 இல் வெளியிட்ட வழிகாட்டி நூல், சட்டைகள், ஒட்டிகள் முதலியவற்றின் விற்பனையும் உறுப்பினர் கட்டணமும் இதனுடன் சேர்ந்தன.

இப்பணம் வழக்கின் வெற்றியை விலைக்கு வாங்கவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். வழக்கறிஞர்கள் பெரும்பாலும் கட்டணமின்றியே வாதாடினர். அலுவலகம், அச்சுச்செலவு, பயணம் ஆகியவற்றை இந்நிதி தாங்கியது. வழக்குகள் நீண்ட காலம் ஓடியதால் அதுவே முதன்மையான தேவையாக இருந்தது.

விளைவுகள்

தேசிய ஆடுபான் சங்கமும் மோனோ ஏரிக் குழுவும் 1979 இல் தொடுத்த வழக்கில், கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1983 இல் தீர்ப்பளித்தது. இயற்கை நீர்நிலைகளைப் பொதுமக்களின் சார்பில் காக்கும் பொறுப்பு அரசுக்கு உண்டு என்றும், முன்னர் வழங்கிய நீர் உரிமைகளையும் அதன்படி மறுஆய்வு செய்யலாம் என்றும் அது கூறியது. கெயின்ஸ் 1988 சனவரியில் சாலை விபத்தில் இறந்தார். அவர் காணாத இறுதி ஆணையை மாநில நீர்வள வாரியம் 1994 செப்டம்பர் 28 அன்று பிறப்பித்தது. நீர்மட்டம் 6,392 அடிக்கு உயர வேண்டும் என்றும் ஓடைகளைச் சீரமைக்க வேண்டும் என்றும் அவ்வாணை விதித்தது. மாநகரம் நீர்ச் சிக்கனத்தாலும் மறுசுழற்சியாலும் இழப்பை ஈடுகட்ட மாநில, நடுவண் அரசுகள் நிதி வழங்கின.

ஏறத்தாழ 20 ஆண்டுகளில் அந்த மட்டம் எட்டப்படும் என்று 1994 இல் எதிர்பார்க்கப்பட்டது. 30 ஆண்டுகள் கடந்தும் ஏரி அதனை எட்டவில்லை. தொடர் வறட்சிகளும், அளவு குறைந்தாலும் நின்றுவிடாத நீர் எடுப்பும் இதற்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. 2023 பெப்ரவரியில் மாநில நீர்வள வாரியம் இதுபற்றிப் பொதுக்கூட்டம் ஒன்றை நடத்தியது.